பதினொரு வாயும் ஒரு பொட்டலமும்

“ரெண்டு போடுங்க மதினி, ரெண்டுன்னுதான் நோனா சொன்—”

“போட்டேன்டி, பாதி போட்டேன், போட்டு ஒரு மணி நேரம்—”

“பாதி போட்டா எப்படிங்க கேக்கும்? ஒரு குளுசைய அருவாமனையில வச்சு வெட்டி, அதுல பாதிய—”

“—ஒரு மண்ணும் கேக்கல. காது வரைக்கும் குத்துது.”

“குத்தாம என்ன செய்யும்? குளுசையிலயும் மிச்சம் புடிக்கிறவங்கள வேற எங்கயாச்சும் பாத்திருக்கோமா?”

“பல்லு எம்மாம் பெருசு, சொல்லு பாப்போம்? வெரல் நுனி. அதுக்கு ரெண்டு குளுசையா? தலைவலிக்கு ஒண்ணு, பல்லுவலிக்குப் பாதி. எங்க ஆத்தா காலத்துல இருந்து—”

“அப்ப இடுப்பு வலிக்கு ஆறா?”

“வாயக் குடுக்காத. அந்த ரோஸ் குளுசைய எங்கடி வச்ச?”

கோகிலா அத்தோடு நின்றுவிட்டாள். அதுவரை சொல்லுக்குச் சொல் கொடுத்துக்கொண்டிருந்தவள் அடுப்படிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பையை எடுத்து மறுபடி கழுவினாள்.

இருளாயி அவளுடைய புருஷனின் அக்கா. ஐம்பத்தொரு வயது. வாசலோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து, இடது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒரு கொய்யாக்காயை அடக்கி வைத்ததுபோல் உப்பியிருந்தது. கடைவாயில் கடித்திருந்த பஞ்சுக்கு மேலாகத்தான் பேச்சு வந்தது. வலி குறைந்தபாடில்லை, பேச்சும் குறைந்தபாடில்லை.

ருவான்வெல்லைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டம். இரண்டாயிரத்து நாலாம் வருஷம், சிவராத்திரிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. மரமெல்லாம் இலை உதிர்க்கிற காலம். அன்று காலையில் டவுனிலிருந்து பல் பிடுங்குகிற வேன் வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு, பல்லு நோனா என்று எல்லாரும் சொல்லும் பல் டாக்டரம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒரே கூரைக்குக் கீழ் பத்து அறைகள் வரிசையாக இருந்த பத்துக் காம்பரா லயத்தில் மட்டும் பதினொரு பேர் வாயைத் திறந்தார்கள். ஆளுக்கு ஒரு பல். கந்தையா மாமாவுக்கு மட்டும் மூன்று. “வந்தது வந்துட்டீங்க, சேத்தே எடுத்துருங்க நோனா” என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஊசியின் மரமரப்பு இருக்கும்வரை லயம் கலியாண வீடாக இருந்தது. கோணிப்போன வாயோடு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பகல் ஒரு மணிக்கு மரமரப்பு விட்டது. சிரிப்பும் விட்டது. பதினொரு வாயும் ஒன்றாக நோக ஆரம்பித்தன. ஒரே நாள், ஒரே வலி, ஒரே லயம். அப்புறம் யாருக்கு எந்த மாத்திரை கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்பதைத் தவிர அங்கே வேறு பேச்சு ஏது?

எல்லாருக்கும் நோனா கொடுத்தது காகிதப் பொட்டலம். வெள்ளை மாத்திரை பன்னிரண்டு, ரோஸ் மாத்திரை ஆறு. “சாப்பிட்டுட்டு ரெண்டு வெள்ளை, ஒரு ரோஸ், மூணையும் ஒண்ணாப் போடணும். தனித்தனியாப் போடறதவிடச் சேத்துப் போட்டா நல்லாக் கேக்கும். ஆறு மணி நேரத்துக்கு முந்தி மறுபடி தொடக்கூடாது” என்று சிங்களத்தில் சொன்னதைக் கோகிலாதான் வரிசைக்குத் தமிழில் சொன்னாள். எட்டாம் வகுப்புவரை சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அந்த லயத்தில் அவள் ஒருத்தி.

அதுதான் வினையாகப் போயிற்று.

நாற்காலியில் ஏற்றுமுன் நோனா ஒவ்வொருவரிடமும் நாலு கேள்வி கேட்டாள். வயிற்றில் புண் உண்டா, பிரஷர் உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா. இருளாயி முறை வந்தபோது கடைசிக் கேள்வியும் வந்தது.

“ஹதிய தியெனவாத?”

இழுப்பு இருக்கிறதா என்கிறாள். அந்த ஒரு வார்த்தைக்கு இருளாயிக்கு யாரும் தமிழ் சொல்லத் தேவையில்லை. கோகிலாவின் தொடையை அழுத்திக் கிள்ளினாள். கோகிலா நோனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “நே நோனா” என்றாள்.

நோனா இல்லை என்று எழுதிக்கொண்டாள். பொட்டலத்தில் ஆறு ரோஸ் விழுந்தது.

வீடு வரும் வழியிலேயே, ஓடைப் பாலத்தருகில், கோகிலா பொட்டலத்தைப் பிரித்து அந்த ஆறையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்கு மேலிருந்த தேயிலை டின்னின் அடியில் போட்டு மூடினாள். அந்த டின்னின் அடியில் ஏற்கெனவே ஒரு கடிதம் இருந்தது. அது அவளுடைய இன்னொரு ஒளிப்பு. அதற்கும் பல் வலிக்கும் சம்பந்தமில்லை.

“எங்கடி வச்சன்னு கேக்குறேன்ல?”

“எனக்கென்னங்க தெரியும்? முடிஞ்சு போச்சுன்னாங்க.”

“முடிஞ்சு போச்சா? எனக்குப் பின்னால நின்ன கந்தையாண்ணனுக்கு இருக்கு, அவருக்குப் பின்னால நின்னவனுக்கு இருக்கு. எனக்கு மட்டும் முடிஞ்சு போச்சா? நான் என்ன பல்லுக்குப் பதிலா நகத்தப் புடுங்கிட்டா வந்தேன்?”

கோகிலா கோப்பையை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. அடுத்த காம்பராவில் கரண்டி விழுந்தால் இந்தக் காம்பராவில் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் காதோடு குனிந்து, மூச்சை விடுவதுபோல் சொன்னாள்:

“தேர் அன்னிக்கு நடந்தது மறந்துபோச்சாங்க?”

“அது சூடப் பொகை.”

“சூடப் பொகை இல்ல மதினி. முட்டி வலிக்குதுன்னு வளையல் கடைக்காரி குடுத்த குளுசையப் போட்டீங்க. அர மணி நேரத்துல—”

“சூடப் பொகைன்னு சொல்றேன்ல.”

“ஆஸ்பத்திரி டாக்டர் என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. இந்தச் சாதிக் குளுசை எதுவும் இவங்களுக்கு ஆகாது, இழுப்புக்காரங்களுக்கு மூச்சக் கட்டும், வலின்னா வெள்ளை மட்டும் குடுங்கன்னு. துண்டுல எழுதிக்கூடக் குடுத்தாரு. அந்தத் துண்ட நீங்க அடுப்புல போட்டீங்க.”

“சத்தம் போடாத!”

“நானா சத்தம் போடுறேன்?”

இருளாயி பஞ்சைக் கடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். கோகிலாவுக்கு அந்தப் பார்வை புரியும். கடைசிக் காம்பராவில் இருப்பவள் சுதர்ஷினி. அவள் புருஷன் சுரேந்திரன்தான் புகைக்காம்பராவுக்குச் சுப்பவைசர்.

புகைக்காம்பராதான் இருளாயிக்கு உயிர். பத்தொன்பது வருஷமாக அங்கே றப்பர் சீட்டைக் கம்பில் தொங்கவிட்டு, விறகு தள்ளி, புகை போட்டு, பக்குவம் பார்த்து இறக்குகிறவள் அவள். சீட்டைத் தொட்டுப் பார்ப்பதுகூட இல்லை. கதவைத் திறந்ததும் வருகிற வாடையிலேயே, “இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும்” என்பாள். வெளியே அட்டைக்கடி, மழை, வழுக்குகிற சரிவு. அவளுடைய முட்டிக்கு அந்தச் சரிவு ஆகவே ஆகாது. ஆனால் அந்தப் புகைதான் அஞ்சாறு வருஷமாக அவள் நெஞ்சில் பூனைக்குட்டிபோல் கத்துகிறது. இழுப்பு என்று தோட்டத்து மருந்துக் கார்டில் ஒருமுறை விழுந்துவிட்டால், தோட்டத்துத் துரை மறுநாளே அவளைப் புகையிலிருந்து எடுத்து மலைக்குப் பால் வெட்ட அனுப்பிவிடுவார். அதனால் இழுப்பு வந்தால் கோகிலா முதுகைத் தடவிவிடுவாள், சுடுதண்ணீர் கொடுப்பாள், இருமலுக்கு மேலே றேடியோவைக் கூட்டி வைப்பாள். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. குலதெய்வத்தின் பேரில் சத்தியமும் வாங்கியாயிற்று.

“அப்ப வெள்ளையையாச்சும் ஒழுங்காப் போடுங்க. இப்ப ஒண்ணரை தாரேன்.”

“வெள்ளை வெறும் மாவுடி. பாதி போட்டும் கேக்காதது முழுசாப் போட்டா கேக்குமா?”

கோகிலா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“என்ன, நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் கச்சேரியா?”

கந்தையா மாமா வந்துவிட்டார். தலையில் துவாலை, கையில் தன் பொட்டலம். மூன்று பல் போன வாயோடு அவர் சாப்பாட்டுக்குப் பிறகு லயம் முழுக்க ஒரு சுற்று வந்திருந்தார். காம்பராவுக்குக் காம்பரா நின்று, “வலி பத்துன்னு வச்சிக்க, இப்ப எத்தனை?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். தொழிற்சங்கத் தேர்தலில்கூட அவ்வளவு அக்கறையாக வாக்குக் கேட்டதில்லை.

“கேட்டுக்கங்க” என்று வாசற்படியில் உட்கார்ந்தார். “ரெண்டு வெள்ளையும் ஒரு ரோசும் சேத்துப் போட்டவங்க, என்னையும் சேத்து ஏழு பேரு. ஆறு பேருக்கு வலி போன எடம் தெரியல. ஒருத்தனுக்கு முக்காவாசி போயிருச்சு. ரோஸ் மட்டும் போட்டவங்க ரெண்டு பேரு. அவங்களும் எந்திரிச்சு நடமாடுறாங்க. வெள்ளை மட்டும் ரெண்டு போட்டது நம்ம சுதர்ஷினி. பத்து இருந்தது நாலாயிருச்சாம். ஆக பத்துப் பேரு தேறியாச்சு. பதினொண்ணாவது நீதான். உனக்கு எத்தனை?”

“பதினாலு” என்றாள் இருளாயி.

“பத்துக்கு மேல இல்ல தங்கச்சி.”

“உங்க கணக்குல இல்லேன்னா என் வாயில வந்து பாருங்க.”

“என்ன போட்ட?”

“பாதி வெள்ளை.”

“பாதியா? ஏன், ரோஸ் போடலியா?”

“எனக்குக் குடுக்கல. இவ சொல்றா, முடிஞ்சு போச்சாம்.”

“முடியறதாவது! என் பொட்டலத்துல அஞ்சு கெடக்கு. எனக்கு வலியே இல்ல. இந்தா, புடி.”

ஒரு ரோஸ் மாத்திரை அவர் கையிலிருந்து இருளாயியின் உள்ளங்கைக்கு வந்தது. கோகிலா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

“வேணாம் மாமா. அது அவங்களுக்குன்னு குடுத்தது இல்ல.”

“மருந்துக்கென்ன புள்ள பேரா எழுதியிருக்கு?”

“வேணாம்னு சொல்றேன்ல!”

“ஏன் வேணாம்?”

ஏன் வேண்டாம்? கோகிலா இருளாயியின் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இருளாயியின் கண் கோகிலாவையே பார்த்தது. சொன்னாயானால் பார், என்றது.

சத்தம் கேட்டு நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லார் கன்னத்திலும் வீக்கம், எல்லார் வாயிலும் நியாயம்.

“வலியில துடிக்கிற பொம்பளைக்கு ஒரு குளுசைய மறிக்கிறியே, இது என்ன நெஞ்சா, அம்மிக் கல்லா?”

“புருஷன் கொழும்புல. கேக்க ஆளில்ல. அதான் நாத்தனார மெரட்டுறா.”

“பத்துப் பேரு போட்டோம், பத்துப் பேரும் உசுரோடதான இருக்கோம்?”

“ஒம்போது பேரு” என்றது ஒரு குரல். எல்லாரும் திரும்பினார்கள். சுதர்ஷினி, கன்னத்தில் ஈரத்துணியோடு நின்றாள். “நான் ரோஸ் போடல. எனக்கு வயித்துல அல்சர் இருக்குன்னு நோனாகிட்ட சொன்னேன். உனக்கு ரோஸ் ஆகாது, வயித்துல ரத்தம் கசியும், வெள்ளை மட்டும் போடுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க.” அப்புறம், சும்மா கேட்பவள்போல, “இருளாயி அக்காவுக்கும் ரோஸ் குடுக்கலையா? அக்காவுக்கு என்ன இருக்கு?” என்றாள்.

“ஒண்ணும் இல்ல!” இருளாயி பஞ்சைத் துப்பிவிட்டே சொன்னாள். “எனக்கு ஒரு நோயும் இல்ல. இரும்பு மாதிரி இருக்கேன். இவதான் தெரியாம விட்டுட்டு வந்திருக்கா. அண்ணே, தண்ணி குடுங்க.”

கையை உதறியதில் மாத்திரை தரையில் விழுந்து உருண்டது. கோகிலா அதைக் காலால் மிதித்தாள். கந்தையா மாமா வாயைப் பிளந்தார். மூன்று பொந்தும் தெரிந்தன.

“அட, மருந்த மிதிக்கிறியே, பாவி! சரஸ்வதிய மிதிச்ச மாதிரி!” பொட்டலத்தை மறுபடி பிரித்தார். “நீ எத்தனைய மிதிப்ப? இன்னும் நாலு இருக்கு.”

இரண்டாவது மாத்திரை இருளாயியின் கைக்கு வந்தது. யாரோ ஒரு செம்பில் தண்ணீரும் கொடுத்தார்கள். இரண்டு பெண்கள் கோகிலாவின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். இருளாயி வாயைத் திறந்தாள். வீக்கத்தில் அரைவாசிதான் திறந்தது.

அந்த அரைவாசித் திறந்த வாயைப் பார்த்ததும் கோகிலாவுக்குத் தேர் அன்றைய வாய் ஞாபகம் வந்தது. மீன் வாய்போல் திறந்து திறந்து மூடிய வாய். நீலம் பாரித்த உதடு. வேன்காரன் ஹோன் அடித்துக்கொண்டே ஓட்டினான். மடியில் கிடந்தவளின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, காற்று மட்டும் போகவில்லை.

“மதினிக்கு இழுப்பு இருக்கு!”

கத்தியது தான்தான் என்று கோகிலாவுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது.

“ஆறு வருஷமா இருக்கு. இந்தக் குளுசை மூச்ச அடைக்கும். தேர் அன்னிக்கு இதே சாதிக் குளுசையில செத்துப் பொழைச்சாங்க. சூடப் பொகைன்னு உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னோம். காலையில நோனாகிட்டயும் நான்தான் பொய் சொன்னேன். போடாதீங்க மதினி. உங்க கால்ல விழுறேன், போடாதீங்க.”

தோளைப் பிடித்திருந்த கைகள் தாமாக விட்டன.

இருளாயி செம்பைக் கீழே வைத்தாள். மாத்திரையைக் கந்தையா மாமாவின் கையில் திருப்பிக் கொடுத்தாள். யாரையும் பார்க்காமல், “சொல்லிட்டல்ல” என்றாள். அவ்வளவுதான். பிறகு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வலிக்கா, வெட்கத்துக்கா என்று தெரியவில்லை.

கந்தையா மாமா வாசற்படியிலிருந்து எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த பொட்டலத்தைத் தேளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“என் கையாலயே குடுத்திருப்பேனே. ஒம்போது பேருக்கு நல்லது செஞ்சது பத்தாவது ஆளுக்கும் செய்யும்னுதான நெனைச்சேன். ஏம்மா கோகிலா, மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சத்தியம் வாங்கியிருந்தாங்க மாமா.”

சுதர்ஷினி படியிறங்கிப் போனாள். எல்லார் கண்ணும் அவள் முதுகைத் தொடர்ந்தது. சுரேந்திரனிடம்தான் போகிறாள் என்று கோகிலா நினைத்தாள். கால்மணி நேரத்தில் திரும்பி வந்தாள். கூட வந்தது சுரேந்திரன் இல்லை. தோட்டத்து மருந்துசாலையில் மருந்து கொடுக்கும் நுஹ்மான் ஐயா. ஞாயிற்றுக்கிழமையானாலும் பல் பிடுங்கிய வாய்களைப் பார்க்க மேல் லயத்தில் சுற்றிக்கொண்டிருந்தவரை, வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிக் கையோடு அழைத்து வந்துவிட்டாள்.

நுஹ்மான் ஐயா குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார். கூடி நின்றவர்களைப் பார்த்து, “ஒங்கட வாயெல்லாம் ஓய்வெடுக்கோணும்னு செல்லித்தானே அனுப்பினாங்க? போங்க, போய்ப் படுங்க” என்றார். கந்தையா மாமாவும் சுதர்ஷினியும் மட்டும் போகவில்லை. அவர்களைப் போகச் சொல்ல நுஹ்மான் ஐயாவுக்கும் மனம் வரவில்லை.

“செல்லுங்க இருளாயியம்மா. அந்த ரோஸ் உள்ள போச்சா?”

இருளாயி முந்தானைக்குள்ளிருந்தே தலையை ஆட்டினாள். இல்லை.

“அல்ஹம்துலில்லாஹ். வெள்ளை?”

“பாதி” என்றாள் கோகிலா. “ஒண்ணரை மணியப் போல.”

“மத்தப் பாதி?”

கோகிலா சுவர்ப் பலகையிலிருந்த ஜாம் போத்தலை எடுத்துக் கொடுத்தாள். நுஹ்மான் ஐயா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போத்தல் முக்கால்வாசி நிறைந்திருந்தது. எல்லாம் பாதிப் பாதி மாத்திரைகள். சில வெள்ளை, சில மஞ்சள் ஏறியவை, சில தூளானவை.

“இது என்னம்மா, எத்தனை வருசத்துப் பாதி?”

“எங்க ஆத்தா செத்ததுல இருந்து” என்றாள் இருளாயி.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் போத்தலைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“கேளுங்கம்மா. குளிசைக்குப் பல்லு சின்னது, இடுப்பு பெரிசுன்னெல்லாம் தெரியாது. அது வயித்துக்குப் போய், ரத்தத்துல கலந்து, ஒடம்பு முழுக்க ஓடினாத்தான் பல்லுக்கும் போகும். பாதி போட்டுட்டு வெள்ளை கேக்கல்லன்னா, அது வெள்ளைட குத்தமில்ல. பாதிச் சட்டை தெச்சுப் போட்டுட்டுக் குளிர் நிக்கல்லன்னு தைக்கிறவன ஏசுற மாதிரி.”

“ரோசும் சேத்துப் போட்டா நல்லாக் கேக்குமாமே” என்றாள் இருளாயி, கொஞ்சம் முந்தானையை விலக்கி. ஆசை இன்னும் விடவில்லை.

“கேக்கும். பொய் செல்ல மாட்டேன். கந்தையாட கணக்கு சரிதான், சேத்துப் போட்டாக் கூடக் கேக்கும். ஆனா கேக்குதாங்கிறது ஒரு கேள்வி. ஒங்களுக்கு ஆகுமாங்கிறது வேற கேள்வி. ஒங்களுக்கு ரெண்டாவதுதான் மொதல்ல. சுதர்ஷினிக்கு வயிறு, ஒங்களுக்கு நெஞ்சு. நீங்க ரெண்டு பேரும் வெள்ளையோட நிக்கோணும். ரெண்டு ரெண்டாப் போடுங்க, ஒரு நாளைக்கு எட்டத் தாண்ட வேணாம். வெள்ளைன்னாலும் கூடிச்சின்னா ஈரலக் கெடுக்கும்.”

ஒன்றரை வெள்ளை மாத்திரையை அவரே எண்ணிக் கொடுத்தார். இருளாயி விழுங்கினாள். கோகிலா ஆறவைத்த தேத்தண்ணீரை எல்லாருக்கும் ஊற்றினாள். தேத்தண்ணீர் போடத் தேயிலை டின்னைத் திறந்தபோதே அவள் விரலில் ரோஸ் மாத்திரைகளும் தட்டுப்பட்டன, கடிதத்தின் மடிப்பும் தட்டுப்பட்டது. மாத்திரை ஆறையும் பொறுக்கி நுஹ்மான் ஐயாவிடம் கொடுத்தாள். கடிதத்தைத் தொடவில்லை.

கொழும்பிலிருந்து அவள் புருஷன் கிருஷ்ணராஜ் எழுதிய கடிதம் அது. கிராண்ட்பாஸில் ஒரு அறை பார்த்தாயிற்று, சித்திரைக்குள் வந்துவிடு, அக்காவிடம் நீயே பக்குவமாகச் சொல் என்று எழுதியிருந்தான். பதினைந்து நாளாக அவளும் பக்குவம் தேடுகிறாள். புகைக்காம்பராவில் வாடை பிடித்துப் பக்குவம் பார்க்கிறவளிடம் எந்தப் பக்குவத்தில் சொல்வது?

நுஹ்மான் ஐயா அவசரப்படவில்லை. கந்தையா மாமாவின் மூன்று பொந்தையும் டோர்ச் அடித்துப் பார்த்தார். சுதர்ஷினியின் வாயைப் பார்த்தார். அப்படியே முக்கால் மணி நேரம் போனது. முற்றத்தில் றப்பர் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. இருளாயி கன்னத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்ததைக் கோகிலாதான் முதலில் கண்டாள்.

“மதினி, கைய எடுத்துட்டீங்க.”

“ம்.”

“இப்ப எத்தனை?” என்று கந்தையா மாமா கேட்டார். கேட்டுவிட்டு, கேட்கலாமா கூடாதா என்று நுஹ்மான் ஐயாவைப் பார்த்தார்.

இருளாயி கொஞ்சம் யோசித்தாள். “அஞ்சு” என்றாள். பிறகு நியாயம் பார்த்து, “நாலரை” என்றாள்.

“அரைய விடமாட்டீங்களே!” என்றாள் கோகிலா. இருளாயியின் வாய்க்கடையில் ஒரு சிரிப்பு வந்து, வீக்கத்தில் முட்டி நின்றது.

சுதர்ஷினி எழுந்தாள். “அக்கா, என் வாயால அவருகிட்ட ஒண்ணும் போகாது. அதுக்கு நான் பொறுப்பு” என்றாள். இருளாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இவளைத் தவறாகவே நினைத்திருக்கிறோமே என்ற பார்வை அது. சுதர்ஷினி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தன் காம்பராவுக்குப் போனாள். கந்தையா மாமாவும் பின்னாலேயே போனார்.

நுஹ்மான் ஐயா பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். மேலே இருளாயியின் பேர் எழுதியிருந்தது. மருந்துசாலையிலிருந்து கையோடு கொண்டுவந்த கார்டுக் கட்டுக்குள் அதுவும் இருந்திருக்கிறது. பேனையைத் திறந்தார். எழுதவில்லை.

“நான் எழுதோணும்மா. இழுப்பு இருக்கு, இன்ன இன்ன குளிசை ஆகாதுன்னு. எழுதினா துரை கண்ணுல படும். பொகையில வைக்க மாட்டாரு. மலைக்கு வேணாம், அந்த முட்டிக்கு ஏலாது, ஸ்டோருல சீட் தரம் பிரிக்கக் குடுங்கன்னு நான் கேப்பேன். கேப்பேன்னுதான் செல்லலாம். குடுப்பாருன்னு செல்ல ஏலாது.”

“எழுதலன்னா?”

“நீங்க வேணாம்னா இன்னைக்கு எழுதாம விடலாம். எனக்கு அது சரியாப் படல்ல. பொகை ஒங்கட நெஞ்ச இன்னும் கெடுக்கும், அது ஒண்ணு. இன்னொண்ணு, நாளைக்கு எங்கயோ விழுறீங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்குறாங்க, தெரியாத டாக்டரு. வலிக்கு ஊசி போட வாராரு. ஒங்களுக்கு வாய் தொறக்க ஏலாது. அந்த நேரம் கார்டு பேசோணும். இல்லாட்டி ஒரு ஆள் பேசோணும். தேர் அண்டைக்கு கோகிலா இருந்திச்சு. இன்னைக்கும் இருந்திச்சு. கார்டு இல்லாட்டி, எந்த நேரமும் ஒங்களுக்குப் பக்கத்துல அப்படி ஒரு ஆள் இருக்கோணும். அவ்வளவுதான்.”

இருளாயியின் முகம் தெளிந்தது. பகலிலிருந்து அவள் முகத்தில் கோகிலா காணாத தெளிவு. கார்டை ஒரு விரலால் நுஹ்மான் ஐயாவின் பக்கமே தள்ளினாள்.

“அப்ப எழுத வேணாங்கய்யா. அதான் இவ இருக்காள்ல.”

தேயிலை டின்னை மேலே எடுத்து வைக்கப் போன கோகிலாவின் கை பாதியில் நின்றது. இருளாயி வாங்கில் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, அந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

“வாடி, வந்து உக்காரு. ஊரக் கூட்டிச் சொன்னாலும் உசுரக் காப்பாத்திட்ட, கோவம் இல்ல. ஐயாகிட்ட நீயே உன் வாயால சொல்லு. நீ என்னைய விட்டு எங்கயும் போகப் போறதில்ல, இல்ல?”